குட்டை, நெட்டை என்று இரண்டு குவியல்: சிற்றேனி × ஆடுதுறை 43 எஃப்2-வில் விளைச்சலை எப்படிப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை_வயல்:

வணக்கம். இரண்டு நெல் ரகத்தைச் சேர்த்தேன்: நெட்டையான பழைய சிற்றேனி தாய், குட்டையான ஆடுதுறை 43 தந்தை. எஃப்2-வில் (சேர்க்கையில் வந்த எஃப்1 செடிகளின் விதையில் வளர்ந்த இரண்டாம் தலைமுறை) 240 செடி, முண்டகனில் (பகல் சுருங்குகிற இரண்டாம் போகம்) நட்டது. குத்துக்கு ஒரே நாற்று, 20-க்கு 20 செ.மீ. இடைவெளி. வேண்டியது இதுதான்: மட்டைக்கு (கேரளத்துச் சிவப்பரிசி) போகிற சிவந்த தடித்த அரிசி, சாயாத தாள்.

உயரத்தை 10 செ.மீ. கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டால் இரண்டு குவியல் தெரிகிறது. 113 செ.மீ. பக்கத்தில் பள்ளம். கீழே 69 செடி, சராசரி 92 செ.மீ. மேலே 171 செடி, சராசரி 134. இரண்டு குவியலிலும் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறல்) ஏறத்தாழ 10 செ.மீ.

உயரம் பல மரபணு சேர்ந்து தீர்மானிக்கிற அளவுப் பண்பு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஒரே மேடாக வந்திருக்க வேண்டாமா? இன்னொன்று, செடிக்கு நெல் எடை பார்த்தால் நெட்டையில் சராசரி 31 கிராம், குட்டையில் 24 கிராம். குட்டையைப் பிடித்தால் விளைச்சல் போய்விடும் போலிருக்கிறதே. பூப்பில் தொல்லை இல்லை, எல்லாம் இரண்டு வாரத்துக்குள் கதிர் தள்ளிவிட்டன. அடுத்த தலைமுறையை விருப்பிலேயே (ஏப்ரல், மேயில் விதைக்கிற முதல் போகம்) போடலாம் என்று நினைக்கிறேன்.

---

நெல்_மரபு:

முதலில் எண்ணிக்கை. ஒரே மரபணு பிரிந்தால் எஃப்2-வில் குட்டை கால் பங்கு வரணும். 240-ல் கால் பங்கு 60, உங்களுக்கு வந்தது 69. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் போட்டால் 81/60 + 81/180 = 1.35 + 0.45 = 1.80. எல்லை 3.84. ஆகவே 3:1 என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரே ஒரு பெரிய மரபணு பிரிகிறது.

அது எது என்பதிலும் பெரிய மர்மம் கிடையாது. ஆடுதுறை 43-க்குக் குட்டைத்தன்மை ஐஆர் 50 வழியாக வந்தது. அதன் மூலம் தைவானின் டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற குட்டை நெல். பீட்டா என்ற நெட்டை ரகத்தோடு அதைச் சேர்த்துத்தான் 1966-ல் ஐஆர் 8 வந்தது. மரபணுவின் பெயர் எஸ்டி1, முதல் குரோமோசோமில் இருக்கிறது. தண்டை நீட்டும் ஹார்மோனான ஜிப்ரலின் தயாரிப்பின் கடைசிக் கட்டங்களில் வேலை செய்யும் ஒரு நொதிக்கான மரபணு அது. டீ-ஜியோ-ஊ-ஜென் வடிவத்தில் டிஎன்ஏவின் 383 எழுத்து அப்படியே விடுபட்டுப் போயிருக்கிறது. நொதி வேலை செய்யாது, தண்டில் ஜிப்ரலின் குறையும், கணு இடைவெளி நீளாது. கதிர் அவ்வளவாகச் சுருங்காது, தண்டுதான் சுருங்கும். வேலை செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே தண்டு ஏறக்குறைய முழு உயரத்துக்குப் போய்விடும். அதனால்தான் குட்டை ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதியும் குட்டை வடிவமாக இருந்தால்தான் வெளியே தெரியும். கலப்புச் செடி (ஒரு பிரதி நெட்டை, ஒரு பிரதி குட்டை) சற்றே தாழ்வாக நிற்கும், ஆனால் உங்கள் 171-க்குள் அதைக் கண்ணால் பிரிக்க முடியாது.

அளவுப் பண்பா, ஒற்றை மரபணுவால் பிரிகிற மெண்டல் பண்பா என்ற கேள்விக்கு வருவோம். இரண்டும் ஒரே செடியில் இருக்கும். உங்கள் கணக்கையே வைத்துப் பாருங்கள். குவியல்களுக்கு நடுவே 42 செ.மீ. எஃப்2-வில் குட்டை கால் பங்கு, நெட்டை முக்கால் பங்கு. இந்த ஒரு மரபணுவால் வரும் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 0.25 × 0.75 × 42 × 42 = சுமார் 331. குவியலுக்குள் 10 × 10 = 100. மொத்தம் 431. எனவே எஸ்டி1-ன் பங்கு 77 சதவீதம். இதே மரபணுவை எஃப்1 × ஆடுதுறை 43 என்று ஒரு பெற்றோரோடே திரும்பச் சேர்க்கும் பின்சேர்க்கையில் பார்த்தால் பாதிக்குப் பாதி பிரியும். பங்கு 441/541, அதாவது 81 அல்லது 82 சதவீதமாகிவிடும். ஆடுதுறை 43 × ஐஆர் 64 சேர்த்தாலோ பூஜ்யம், ஏனென்றால் இரண்டிலும் அதே எஸ்டி1. மரபணு மாறவில்லை, எண் மட்டும் மாறுகிறது. ‘இந்த மரபணு உயரத்தில் இத்தனை சதவீதம்’ என்று எங்கே படித்தாலும் அது அந்தக் கூட்டத்தின் எண், மரபணுவின் எண் அல்ல.

இதில் அடிபடுவது அந்த 100-க்குள் இருப்பவை போன்ற சிறு மரபணுக்கள்தான். தூர் எண்ணிக்கை, கதிர் மணிகள், தாளின் தடிமன், வேரின் ஆழம் எல்லாம் சிறு சிறு மரபணுக்களின் கூட்டு வேலை. நெட்டையும் குட்டையும் கலந்த 240-ஐயும் ஒரே பட்டியலாக வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுத்தால், நீங்கள் தேர்ந்தெடுப்பது எஸ்டி1-ஐ மட்டும். சிறு மரபணுக்கள் அந்த இரைச்சலில் காதில் விழாது. அதனால் குட்டைகளைத் தனிப் பட்டியலாக்கி, அந்த 69-க்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த 100-ல் மரபு எவ்வளவு, மண்ணும் தண்ணீரும் எவ்வளவு என்று தெரிய, பெற்றோர் வரிசை நடுவில் இருந்திருக்க வேண்டும். ஆடுதுறை 43 வரிசையில் திட்ட விலக்கம் 5 என்றால் சூழலின் பங்கு 25, மீதி 75 மரபு. 9 என்றால் 81 சூழல். உயரத்தில் மேற்கொண்டு தேர்ந்தெடுப்பது வீண் வேலை. 20 வரிசைக்கு ஒரு தடவை இரண்டு பெற்றோரையும் நடாமல் விட்ட எஃப்2 பாதிக் கண்ணோடு பார்த்த மாதிரி.

31 கிராம், 24 கிராம் விஷயம்: அந்த எடையை நம்பாதீர்கள். 20 செ.மீ. தள்ளி 134 செ.மீ. செடி நிற்கிறது. குட்டைச் செடியைச் சுற்றி இருக்கும் நாலு குத்தில் சராசரி மூன்று நெட்டை. அது வெயிலைத் திருடிக்கொள்கிறது. 1960-களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதைத்தான் கலவை நட்டுப் பார்த்தார்கள்: தனியே நட்டால் அதிகம் விளையும் குட்டை ரகங்கள், நெட்டையோடு கலந்து சில தலைமுறை விதைத்தபோது அழிந்தே போயின. தனிச் செடிப் போட்டியில் ஜெயிப்பது வேறு, வயலில் விளைவது வேறு. குட்டைக்குக் குட்டை அயல் இருக்கும்போதுதான் அதன் எடைக்கு அர்த்தம் உண்டு. அதோடு எஸ்டி1-ன் லாபமே தழைச்சத்து போட்ட பிறகுதான் தெரியும். சத்து குறைந்த வயலில் நெட்டை சாயவே சாயாது. அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது.

---

பட்டாம்பி_ரோடு:

விருப்பு விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்க அண்ணா. பூப்பில் தொல்லை இல்லை என்பது முண்டகன் தந்த மயக்கம்.

சிற்றேனி முண்டகன் ரகம், நாள்நீளத்துக்குக் கட்டுப்பட்டது. நம்ம பக்கம் ஜூனில் பகல் 12 மணி 40 நிமிஷத்தைத் தாண்டும். டிசம்பரில் 11½ மணி. வித்தியாசம் ஏறக்குறைய ஒண்ணேகால் மணிநேரம்தான், ஆனால் இந்த ரகங்களுக்கு அது போதும். ஹெச்டி1 (ஆறாவது குரோமோசோம்), ஜிஹெச்டி7 (ஏழாவது) போன்ற மரபணுக்கள் நீண்ட பகலில் பூப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. முண்டகனில் பகல் சுருங்கிக்கொண்டே வருவதால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். நாள்நீள உணர்வுள்ள செடியும் இல்லாத செடியும் ஒன்றாகவே கதிர் தள்ளும். மரபணு பிரிந்திருக்கிறது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல், மேயில் விதைத்தால் அது வெளியே வரும். பொதுவாக உணர்வுதான் ஓங்கு பண்பு. ஒரே மரபணு பிரிந்தாலும் எஃப்2-வில் நாலில் மூன்று செடிக்கு அது இருக்கும். ஆடுதுறை 43 மாதிரி 110 நாளில் முடிய வேண்டிய இடத்தில் அவை இலை விட்டுக்கொண்டே இருந்து, பகல் குறைந்த பிறகுதான் பூக்கும். கணு கூடும், உயரமும் கூடும். அப்போது எஸ்டி1 குட்டையும் 110 செ.மீ.-யைத் தாண்டி நிற்கும், உங்கள் 113 பள்ளம் தூர்ந்துவிடும். ஜிஹெச்டி7 ஒரே மரபணு, ஆனால் பூப்பு நாள், உயரம், கதிர் மணி எண்ணிக்கை மூன்றையும் ஒரு சேர அசைக்கிறது. பிந்திப் பூத்த செடியில் கதிர் பெரிதாக இருப்பதைப் பார்த்து ‘நல்ல விளைச்சல் மரபணு’ என்று மயங்கிவிடக் கூடாது. அது காலம் கூடுதலாகக் கிடைத்ததன் பலன். கொழிஞ்சாம்பாறை மழை மறைவுப் பக்கம் வேறு. பிந்துகிற செடி கதிர் தள்ளும்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்குமா என்று பார்க்கணும்.

என் யோசனை: ஒவ்வொரு குட்டைச் செடியின் விதையிலும் பாதியை முண்டகனுக்கு வைத்துவிட்டு, 20 விதை மட்டும் விருப்பில் போட்டுப் பூப்பு நாள் குறியுங்கள். எந்த வரிசை முழுசாகச் சீக்கிரம் பூக்கிறதோ அதில் உணர்வு இல்லை என்று தெரிந்துவிடும். நடுவில் சட்டென்று ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் அது இன்னும் பிரிகிற வரிசை.

அரிசி நிறத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் ஒரு தலைமுறை தப்பாக எண்ணுகிறார்கள். சிவப்பு நிறம் மேல்தோலில் இருக்கிறது, அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு. ஆகவே எஃப்1 செடியில் விளைந்த நெல்லைத் தோலுரித்தால் எல்லாமே சிவப்பு, ‘அப்பாடா, பிரியவில்லை’ என்று நினைத்துவிடக் கூடாது. சிவப்பைத் தரும் ஆர்சி மரபணு பிரிந்தது எஃப்2 செடிகளில் விளைந்த நெல்லில்தான் தெரியும்: ஒரு செடியின் நெல் முழுக்கச் சிவப்பு, அடுத்த செடியின் நெல் முழுக்க வெள்ளை. மணியின் நீளம், தடிப்பும் அப்படித்தான். உமியின் அளவுதான் மணியின் அளவு, உமியும் தாய்ச்செடியின் திசு. மாவுப் பகுதிக் குணம் மட்டும் வேறு. அமைலோஸ் என்ற மாவுச்சத்தைத் தீர்மானிக்கும் மெழுகு மரபணு எஃப்1 செடியின் ஒரே கதிருக்குள்ளேயே மணிக்கு மணி பிரியும்.

ஆடுதுறை 43 சன்ன ரகம் என்பதால் இதில் கவனம் வேண்டும். நீள மணி தரும் ஜிஎஸ்3 வடிவம் ஒடுங்கு பண்பு. சிற்றேனியிலிருந்து வந்த தடிப்பு வடிவம் ஒரு பிரதி இருந்தாலே பெரும்பாலும் தடித்தே நிற்கும். குட்டை, சிவப்பு, தடிப்பு மூன்றும் வெளித்தோற்றத்தில் சேர்ந்தவை 1/4 × 3/4 × 3/4 = 9/64. உங்கள் 240-ல் சுமார் 34 செடி. ஆனால் மூன்றிலும் இனிப் பிரியாதபடி ஏற்கெனவே நிலைத்தவை 1/64 மட்டுமே, அதாவது 240-க்கு 3.75. நாலாவதாகப் பூப்பு உணர்வு இல்லாமையையும் சேர்த்தால் சராசரியாக ஒரு செடிகூட முழுசாக வராது. நிலைத்த செடியைத் தேடி ஓடாமல் அந்த 34-ஐயும் வைத்துக்கொள்வது நல்லது.

---

நகரி_மேட்டுநிலம்:

நம்ம பக்கம் சோளத்துக்கும் இதே கதை, கொஞ்சம் முரட்டுத்தனமாக. அங்கே டிடபிள்யூ1 முதல் டிடபிள்யூ4 வரை நாலு குட்டை மரபணு. அதில் டிடபிள்யூ2-க்கும் பூப்பைப் பிடிக்கும் எம்ஏ1-க்கும் ஆறாவது குரோமோசோமில் பிணைப்பு, அதாவது பக்கத்தில் இருப்பதால் சேர்ந்தே போகும். குட்டையைத் தேர்ந்தெடுத்தால் பூப்பு நாளும் கூடவே நகரும். இரண்டும் ஒரே மரபணுவோ என்று சந்தேகம் வரும், அது பிணைப்பு. உங்கள் ஜிஹெச்டி7 மாதிரி ஒரே மரபணு பல வேலை பார்ப்பது வேறு. வேறுபடுத்துகிற வழி ஒன்றுதான், பிரிந்துபோன செடியைத் தேடுவது. ‘குட்டை, ஆனால் பிந்திப் பூப்பது’ என்று ஒரு செடி கிடைத்துவிட்டால் பிணைப்பு. ஆயிரம் செடியில் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் ஒரே மரபணு என்ற பக்கம் சாயலாம்.

டிடபிள்யூ3-க்கு இன்னொரு குறும்பு. அந்தக் குட்டை வடிவத்தில் மரபணுவுக்குள் 882 எழுத்து இரட்டித்து அடுத்தடுத்து நிற்கிறது. எப்போதாவது சமமில்லாத குறுக்கு மாற்றம் நடந்து ஒரு பிரதி கழன்றுவிடும், மரபணு பழையபடி வேலை செய்யத் தொடங்கும். சுத்தமான குட்டை வயலில் திடீரென்று தலை நீட்டும் நெட்டை இதுதான். விதையில் கலப்படம் என்று விதை கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன் அந்தச் செடியின் மற்ற குணம் எல்லாம் பக்கத்துச் செடி மாதிரியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெல்லில் அந்தப் பயம் வேண்டாம். 383 எழுத்து போனது போனதுதான், திரும்பி வராது. நெல் வயலில் நெட்டை தலை நீட்டினால் அது கலப்பு விதை அல்லது தப்பிய மகரந்தம்.

கோதுமையைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: நோரின் 10 என்ற குட்டைக் கோதுமை வழி வந்த ஆர்ஹெச்டி மரபணு வடிவங்கள் ஜிப்ரலினைக் குறைப்பதில்லை, ஜிப்ரலின் சொல்வதைக் கேட்காத புரதத்தைத் தருகின்றன. நெல் நாற்றில் ஜிப்ரலிக் அமிலம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் தெளித்தால் எஸ்டி1 நாற்று விறுவிறுவென்று நீளும். அந்தக் கோதுமை நீளாது. ஒரு குட்டை எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் மலிவான சோதனை இது.

---

கொழிஞ்சாம்பாறை_வயல்:

நன்றி அண்ணா, எல்லாருக்கும். சிவப்பை எஃப்1 நெல்லில் பார்த்துவிட்டு ‘பிரியவில்லை’ என்று குறித்து வைத்ததை அடித்துவிட்டேன். இனி 69 குட்டையிலிருந்து எடுத்த எஃப்3-ஐ எவ்வளவு செடியாகப் போடணும்? நெட்டையிலும் சில நல்ல செடி இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் குட்டை மரபணு ஒளிந்திருக்குமே. பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள், தேவையா? இங்கே மழை பொய்க்கும் வருஷமும் உண்டு, வறட்சி தாங்குவது வேணும்.

---

நெல்_மரபு:

குட்டை வரிசைகளுக்கு எஸ்டி1-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒடுங்கு பண்பு, குட்டை என்றால் நிலைத்தது. அங்கே 20 செடி போடுவது மற்ற பண்புகளுக்காக.

நெட்டையில்தான் கணக்கு. மூன்றில் இரண்டு நெட்டை கலப்பு. கலப்பான ஒரு செடியின் விதையை 11 போட்டால், ஒரு குட்டைகூட வராமல் ஏமாற்றும் வாய்ப்பு நூற்றில் நாலு. 16 போட்டால் நூற்றில் ஒன்று. 16 செடி முளைத்து நிற்க 20 விதை ஊன்றுங்கள். இந்த அளவில் வயலே சோதனைச் சாலை, பிசிஆர் தேவையில்லை. அடுத்து சிற்றேனியோடு பின்சேர்க்கை போகப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது உதவும். அங்கே எல்லாச் செடியும் நெட்டை, பாதியில் எஸ்டி1 ஒளிந்திருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அழிந்துபோன இடத்தின் இருபுறமும் பிரைமர் (பெருக்க வேண்டிய துண்டின் எல்லையைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ) வைத்தால் குட்டை வடிவம் 383 எழுத்து குறைவான பட்டையாக வரும், 1.5 சதவீத அகரோஸ் கூழில் தெளிவாகப் பிரியும். கலப்பில் இரண்டு பட்டையும் வரணும். ஆனால் சிறிய பட்டை முந்திப் பெருகிவிடுவதால் பெரியது மங்கிப்போய், கலப்பைக் ‘குட்டை’ என்று எழுதிவிடுவார்கள். நெட்டையும் குட்டையும் சம அளவு கலந்த டிஎன்ஏவை ஒரு கட்டுப்பாட்டுக் குழியில் ஓட்டச் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்தச் சோதனை டீ-ஜியோ-ஊ-ஜென் வழிக் குட்டைக்கு மட்டும். வேறு குட்டை மூலத்தில் ஒரே எழுத்து மாறியிருக்கும். பட்டை நெட்டை மாதிரியே தெரியும்.

பின்சேர்க்கையில் ஒரு தலைமுறைக்கு 7 செடி இருந்தால் ஒரு செடியாவது எஸ்டி1 தாங்கியிருக்க 99 சதவீதத்துக்கு மேல் உறுதி. ஒட்டுக்கதிரில் 15 மணி பிடித்தாலே போதும்.

வறட்சியில்தான் சிக்கல். எஸ்டி1-க்குப் பக்கத்திலேயே, அதே முதல் குரோமோசோமின் ஓரத்தில், வறட்சியில் விளைச்சலைத் தாங்கும் கியூடிடிஒய்1.1 என்ற இடம் இருக்கிறது. தாங்கும் வடிவம் பெரும்பாலும் உயரமான பழைய ரகங்களிலிருந்து வந்தது. குட்டையைப் பிடித்து இழுத்தால் தாங்கும் வடிவம் எதிர்ப்பக்கம் போய்விடும். குட்டை ரகம் வறட்சியில் வாடுவது உயரம் குறைந்ததால் என்று நெடுநாள் நினைத்ததன் பெரும்பகுதி இந்தப் பிணைப்புதான். அதை உடைத்து, குட்டையும் தாங்குவதுமான வரிசைகளைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எடுத்துவிட்டார்கள்.

சிற்றேனியில் அந்த நல்ல வடிவம் இருந்தால் உங்களுக்கும் இதே சண்டைதான். மூன்று பின்சேர்க்கை செய்தாலும், மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்) பார்க்காவிட்டால், எஸ்டி1-ன் ஒரு பக்கத்தில் சராசரி 25 முதல் 30 சென்டிமார்கன் (குரோமோசோமில் தூரத்தின் அளவு) ஆடுதுறையின் துண்டாகவே ஒட்டிக்கொண்டு வரும். நெல்லில் ஒரு சென்டிமார்கன் சுமார் 2.5 லட்சம் எழுத்து. அந்த நீளத்தில் எத்தனை மரபணு போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே செடி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். 69 குட்டையையும் எஃப்3-க்குக் கொண்டுபோய், பாதி வரிசைக்குப் பூப்புக்கு இரண்டு வாரம் முன் தண்ணீரை நிறுத்துங்கள். எல்லாம் வாடும்போது ஒன்றிரண்டு வரிசை கதிர் பிடித்து நிற்கும். பிணைப்பு உடைந்தது அவற்றில் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் பூப்பு நாள் ஒத்த வரிசைகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். முந்திப் பூத்தது வறட்சியைத் தாங்கவில்லை, தப்பித்துக்கொண்டது.

மார்க்கர் பார்த்துத் தருகிறவர் உங்கள் 69 செடியை வைத்தே ‘விளைச்சலுக்கு 30 சதவீத மரபணு கிடைத்துவிட்டது’ என்றால் நம்ப வேண்டாம். சிறிய கூட்டத்தில் தப்பித் தவறிப் பெரிதாகத் தெரிந்தவை மட்டும்தான் எல்லையைத் தாண்டி அறிக்கைக்குள் வரும். அதனால் அந்த எண் எப்போதும் ஊதியிருக்கும். பெரிய கூட்டத்தில் அதே இடம் பாதியாக இளைத்துவிடும், சில சமயம் காணாமலும் போகும்.

---

கொழிஞ்சாம்பாறை_வயல்:

புரிந்தது. கடைசியாக ஒன்று: எஃப்3-ல் உயரத்தை எப்போது, எங்கிருந்து அளப்பது? போன தடவை ஒரு ஆள் இலை நுனிவரை அளந்துவிட்டார்.

---

பட்டாம்பி_ரோடு:

பால் கெட்டியான பிறகு, அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது. தரையிலிருந்து மிக உயரமான தூரின் கதிர் நுனிவரை, கதிரை நிமிர்த்திப் பிடித்து. மீசை சேராது, கொடி இலை சேராது. சேற்றுக்குள் கோலை அழுத்தினால் 3, 4 செ.மீ. தவறு வரும், கோலின் அடியில் ஒரு சின்னப் பலகை ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்க. வரப்போர இரண்டு வரிசையை அளக்கவே வேண்டாம், அங்கே எல்லாச் செடிக்கும் வெயிலும் சத்தும் கூடுதல். சாய்ந்த செடியையும் நிமிர்த்தி அளந்து, பக்கத்தில் ‘சா’ என்று குறியுங்க.